கொலோ தெர்புவாவின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: பெயர், தேதி, எண்ணிக்கை, வதந்தி

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரொபெஸ்பியர், தாந்தோன், மரா என்று மூவரோடு நின்றுவிடுவார்கள். நான்காவதாக ஒருவரை எடுக்க நினைத்தால் ழான்-மரி கொலோ தெர்புவா நல்ல தேர்வு. ஊர் ஊராகப் போய் நடித்தவர், நாடகம் எழுதியவர், நாடகக் குழு நடத்தியவர். மன்னராட்சியை ஒழிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்ததும் அவர்தான், லியோன் நகரில் ஆட்களைக் கும்பல் கும்பலாகச் சுடவைத்ததும் அவர்தான். ரொபெஸ்பியர் வீழ்ந்த நாளில் அவைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வருடம் கழியும் முன்பே நாடுகடத்தப்பட்டார்; 1796ல், தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக் குடியேற்றமான கயானாவின் கயேன் நகரில் காய்ச்சலில் செத்தார்.

கதைக்குப் பஞ்சமில்லை. சிக்கலும் அங்கேதான். அவரைப் பற்றி உலவும் சுவையான கதைகளில் பெரும்பகுதி, 1794க்குப் பிறகு அவரைக் கவிழ்த்தவர்கள் அச்சடித்துப் பரப்பிய சிறு வெளியீடுகளிலிருந்து கிளம்பியவை. 1796க்குப் பிறகு எதிர்த்து எழுத அவர் உயிரோடு இல்லை. ஆகவே கட்டுரையை அழகாகத் தொடங்குவது எப்படி என்பது இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு செய்தியையும் யார், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்பதுதான் முதல் கேள்வி. 2,000 சொல் அளவில் ஒரு வாழ்க்கைக் கட்டுரை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு இந்த வழிகாட்டியைப் படியுங்கள்.

பெயரைச் சரிசெய்யுங்கள்

'கோலட் டி ஹெர்பாய்ஸ்' என்று எழுதினால் ஆங்கில நூலை வைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கொலோ என்பதன் கடைசி எழுத்தையும், எர்புவா என்பதன் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் பிரெஞ்சில் உச்சரிப்பதில்லை. 'கொலோ தெர்புவா' என்பதே நெருக்கம். 'ழான்' என்பதற்கு ஜகரம் வேண்டாம்; ழகரம் ஏற்கெனவே தமிழ் மொழிபெயர்ப்புகளில் பழகிவிட்டது.

அவருடைய குடும்பப் பெயர் வெறும் கொலோதான். 'தெர்புவா' நாடக வாழ்க்கைக்காக ஒட்டிக்கொண்டது. பெயரில் 'தெ' இருப்பதைப் பார்த்துப் பிரபுக் குடும்பம் என்று எழுதிவிடாதீர்கள். அப்பா பாரிசில் பொற்கொல்லர். கட்டுரைக்குள் சுருக்கமாகக் குறிப்பிடும்போதும் 'கொலோ' என்றே குறிப்பிடுங்கள்.

கூடவே ஃபாப்ர் தெக்லாந்தினையும் அடையாளம் கண்டுவையுங்கள். அவரும் ஊர் சுற்றி நடித்தவர், நாடக ஆசிரியர், கன்வென்ஷன் என்ற சட்டமன்றத்தின் உறுப்பினர், பெயரில் ஒட்டு வைத்துக்கொண்டவர். இருவரையும் குழப்பிய கட்டுரைகள் ஏராளம். புதிய நாட்காட்டிக்கு மாதப் பெயர் சூட்டியவர் ஃபாப்ர். பிரெஞ்சு இந்தியக் கம்பெனி ஊழல் வழக்கில் சிக்கி, தாந்தோனோடு 1794 ஏப்ரல் 5ல் கில்லட்டினுக்குப் போனவரும் அவரே. கொலோ கில்லட்டினில் சாகவில்லை.

நான்கு சொற்கள்

மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்கும் இடம் குழுக்களின் பெயர். ஆட்சியை நடத்திய குழு ஒன்று, போலீஸ் வேலை பார்த்த குழு இன்னொன்று. இரண்டையுமே 'பொதுப் பாதுகாப்புக் குழு' என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள்; பிறகு யார் எதில் இருந்தார் என்பது எழுதியவருக்கே புரிவதில்லை. முதலாவதை 'மக்கள் காப்புக் குழு', இரண்டாவதை 'பொதுக் காவல் குழு' என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேறு சொல் பிடித்தால் அதையே வையுங்கள். ஆனால் இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும், கடைசிவரை மாறக் கூடாது. கொலோ இருந்தது முதலாவதில்.

'கன்வென்ஷன்' என்பதை 'மாநாடு' ஆக்காதீர்கள். மூன்றே ஆண்டு இருந்தாலும் அது சட்டம் இயற்றிய அவை. ஒலிபெயர்ப்பே போதும்.

'சான்-கியுலோத்' என்பதற்குச் சிலர் 'கால்சட்டை இல்லாதவர்கள்' என்று எழுதி வாசகரைச் சிரிக்க வைக்கிறார்கள். அவர்கள் கணுக்கால்வரை நீளும் காற்சட்டை போட்டவர்கள். முழங்காலோடு முடியும் மேட்டுக்குடி உடுப்பைப் போடாதவர்கள். ஒரு முறை விளக்கிவிட்டு ஒலிபெயர்ப்பையே பயன்படுத்துங்கள்.

1793–94 காலத்தைப் 'பயங்கர ஆட்சி' என்று சொல்லலாம். 'பயங்கரவாதம்' வேண்டாம், இன்றைய பொருள் வேறு. 'பயங்கரவாதி' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லே ரொபெஸ்பியர் வீழ்ந்த பிறகு, கொலோ போன்றவர்களைத் திட்டுவதற்காகப் புழக்கத்துக்கு வந்தது. அதை 1793ஆம் ஆண்டு உரையாடலில் யார் வாயிலும் வைக்காதீர்கள்.

தேதிக் கணக்கு

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் கட்டுரையில் பாதிப் பிழை போய்விடும். குடியரசு நாட்காட்டி 1792 செப்டம்பர் 22ஐ முதல் நாளாக வைத்துக் கணக்கிடுகிறது. ஆனால் நடைமுறைக்கு வந்தது 1793 அக்டோபரில்தான். அதனால் 1792ல் நடந்ததற்குக் குடியரசு மாதப் பெயரோடு தேதி போட்டால் அது பின்னாளில் யாரோ மாற்றிப் போட்டது.

ஒவ்வொரு மாதமும் 30 நாள். வாரம் கிடையாது, பத்து நாள் கொண்ட மூன்று பகுதிகள். ஆண்டுக் கடைசியில் ஐந்து உபரி நாட்கள், சில ஆண்டுகளில் ஆறு. 2ஆம் ஆண்டுக்கும் (1793–94) 3ஆம் ஆண்டுக்கும் மாதத் தொடக்கங்கள் ஒன்றே:

வான்தெமியேர் – செப்டம்பர் 22
ப்ருமேர் – அக்டோபர் 22
ஃப்ரிமேர் – நவம்பர் 21
நிவோஸ் – டிசம்பர் 21
ப்ளுவியோஸ் – ஜனவரி 20
வாந்தோஸ் – பிப்ரவரி 19
ழெர்மினால் – மார்ச் 21
ஃப்ளோரேயால் – ஏப்ரல் 20
ப்ரேரியால் – மே 20
மெஸ்ஸிதோர் – ஜூன் 19
தெர்மிதோர் – ஜூலை 19
ஃப்ருக்திதோர் – ஆகஸ்ட் 18

கணக்கு எளிது: மாதத் தொடக்க நாளோடு, தேதியில் ஒன்றைக் கழித்துக் கூட்டுங்கள். தெர்மிதோர் 9 என்றால் ஜூலை 19 + 8 = ஜூலை 27. அந்த ஒன்றைக் கழிக்க மறந்தால் ரொபெஸ்பியர் 28ல் கைதாகிவிடுவார். 28 அவர் தலை போன நாள். இந்தத் தவறு அச்சிலேயே பலமுறை வந்திருக்கிறது.

3ஆம் ஆண்டுக்கு ஆறு உபரி நாள் உண்டு. அதனால் 4ஆம் ஆண்டு செப்டம்பர் 23ல், ஒரு நாள் தள்ளித் தொடங்குகிறது. ஆனால் 1796 பிப்ரவரிக்கு 29 நாள்; எனவே ழெர்மினால் முதல் பழைய பட்டியலே மறுபடி பொருந்தும். கொலோ இறந்தது 4ஆம் ஆண்டு ப்ரேரியால் 20: மே 20 + 19, அதாவது 1796 ஜூன் 8.

ஒரே தேதியில் இரண்டு பெரிய காரியம் நடந்திருப்பதையும் கவனியுங்கள். 2ஆம் ஆண்டு ஃப்ரிமேர் 14 (1793 டிசம்பர் 4) என்பது லியோனில் பீரங்கியால் சுட்ட நாள். அன்றே பாரிசில் புரட்சி அரசின் அதிகாரத்தை மையப்படுத்தும் சட்டமும் நிறைவேறியது. 'ஃப்ரிமேர் 14' என்று மொட்டையாக வந்தால் பெரும்பாலும் அந்தச் சட்டத்தைத்தான் சொல்கிறார்கள்.

மேடை ஆண்டுகளுக்கு இடம் ஒதுக்குங்கள்

1749 ஜூன் 19ல் பாரிசில் பிறந்து, 1767 வாக்கில் மேடையேறி, 1789 வரை அதே தொழிலில் இருந்தவர். சுமார் 22 ஆண்டு. மக்கள் காப்புக் குழுவில் இருந்ததோ ஒரு வருடத்துக்கும் சில நாள் குறைவு. ஆனால் வழக்கமான கட்டுரைகளில் மேடைக்கு இரண்டு வரி, மீதி எல்லாம் லியோன். 2,000 சொல்லில் மேடைக்கு 500, 1789–92க்கு 400, குழுவுக்கு 250, லியோனுக்கு 450, தெர்மிதோர் மாத வீழ்ச்சிக்கு 250, கடைசிக் காலத்துக்கு 150 என்று பிரித்துப் பாருங்கள்.

அந்த 500 சொல்லில் என்ன வைப்பது? பொர்தோ, லியோன், மார்சேய், த ஹேக், ஜெனீவா என்று அவர் போன ஊர்களை வரிசையாக அடுக்கினால் பயணச்சீட்டுக் கட்டு மாதிரி இருக்கும். அதைவிட அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று சொல்லுங்கள். பிரெஞ்சு நாடக ஆண்டு ஈஸ்டரில் தொடங்கி அடுத்த ஈஸ்டரில் முடியும். நடிகர்களின் ஒப்பந்தமும் அதையொட்டித்தான். எனவே ஒரு பதிவில் '1782' என்று இருந்தால் 1783 வசந்தம்வரை என்று பொருள். இதைக் கவனிக்காவிட்டால் ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் நடிக்கவைத்துவிடுவீர்கள். லியோனில் அவர் முதலில் நடிகர். 1787ல் திரும்பிவந்தது அங்குள்ள நாடகக் குழுவின் இயக்குநராக. ஜெனீவாவிலும் இயக்குநராக இருந்தார். இயக்குநர் என்றால் ஒத்திகை பார்ப்பவர் மட்டுமல்ல: ஆள் எடுப்பது, சம்பளம் கொடுப்பது, சந்தா வசூலிப்பது, நகர அதிகாரிகளோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவர் தலையில். பின்னாளில் குழுவில் கடிதப் போக்குவரத்தைக் கையாண்ட ஆளுக்கு இது சின்னப் பயிற்சியா?

எழுதிய நாடகங்களில் ஒன்றை மட்டும் எடுப்பதானால், ஸ்பானிய நாடகாசிரியர் கால்தெரோனைத் தழுவி எழுதியதை எடுங்கள். நீதிபதியான ஓர் உழவர், தன் மகளைக் கெடுத்த படை அதிகாரிக்கு மரண தண்டனை கொடுக்கிற கதை. பின்னால் வந்த அரசியலுக்கு இதை ஆதாரமாகக் காட்டும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அதை நாடகமாகத்தான் பார்த்தார்கள்.

நடிகருக்கு அன்று சமூகத்தில் என்ன இடம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். 'நடிகர் அரசியலுக்கு வந்தார்' என்றதும் நம் வாசகர் மனசில் ரசிகர் மன்றமும் கட்அவுட்டும் எழும். அங்கே நிலைமை தலைகீழ். பிரெஞ்சுத் திருச்சபை நடிகர்களை விலக்கி வைத்திருந்தது. தொழிலைத் துறக்காமல் செத்தால் கிறிஸ்தவ அடக்கம்கூட மறுக்கப்படும். நடிகர்களும் மற்றவர்களைப் போல் வாக்களிக்கலாம், பதவி வகிக்கலாம் என்பது 1789 டிசம்பர் 24 தீர்மானத்தோடுதான் தெளிவானது. புகழைக் காசாக்க வந்தவராக அவரைக் காட்டினால் அடித்தளமே தப்பு. புரட்சி வந்ததால்தான் அவருக்குக் குடிமகன் என்ற அந்தஸ்தே கிடைத்தது.

1789 முதல் 1792 வரை

இங்கே ஒரு எச்சரிக்கை: அவரைப் பிறவிக் குடியரசுவாதியாக்காதீர்கள். அரசியலமைப்பைக் கிராமத்து மக்களுக்கு எளிமையாக விளக்கும் நூலுக்கு ழக்கோபேன் சங்கம் (புரட்சிக்காரர்களின் அரசியல் மன்றம்) 1791ல் போட்டி வைத்தது. பரிசு கொலோவின் பஞ்சாங்க நூலுக்கு. ழெரார் என்ற பெரியவர் ஊர்க்காரர்களோடு பேசும் பன்னிரண்டு உரையாடல்கள் அதில் இருக்கின்றன. மிஷேல் ழெரார் உண்மையான ஆள்தான். உழவர் உடையிலேயே அவைக்கு வந்த, பிரெத்தாஞ் மாகாண உறுப்பினர். அந்த நூல் ஆதரிப்பது அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்ட மன்னரை. ஒரு வருடத்துக்குள் அதே ஆள் மன்னராட்சியை ஒழிக்கச் சொன்னார். இடையில் நடந்தவை மன்னர் மேலிருந்த நம்பிக்கை உடைந்ததும், போரும், பாரிசில் மன்னரைக் கவிழ்த்த 1792 ஆகஸ்ட் 10 எழுச்சியும். இந்த மாற்றத்தைக் காட்டினால் கட்டுரைக்கு உயிர் வரும்.

அவர் மேடைத் திறமை அரசியலில் நேரடியாகப் பயன்பட்ட இடம் ஷாத்தோவியே படைப்பிரிவு விவகாரம். 1790 ஆகஸ்டில் நான்சியில் சம்பளத் தகராறில் கலகம் செய்த சுவிஸ் சிப்பாய்களில் சுமார் 40 பேர் பிரெஸ்த் துறைமுகச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்காகப் பேசி, எழுதி, விடுதலை வாங்கி, 1792 ஏப்ரல் 15ல் பாரிசில் நடந்த வரவேற்பு விழாவரை முன்னின்றவர் கொலோ. பாரிஸ் தெருக்காரர்களுக்கு அவரை அடையாளம் காட்டியது இதுதான். அந்த ஆண்டே பாரிஸ் உறுப்பினராகக் கன்வென்ஷனுக்குப் போனார்.

1792 செப்டம்பர் 21: மன்னராட்சி ஒழிப்பை முன்மொழிந்தவர் கொலோ, வலுவாக ஆதரித்தவர் பாதிரியார் கிரெகுவார். 'கொலோ குடியரசை அறிவித்தார்' என்று எழுதாதீர்கள். அன்றைய தீர்மானம் ஒழிப்பு மட்டும். ஆவணங்களில் குடியரசின் முதல் ஆண்டு என்று தேதி போடும் முடிவு மறுநாள் வந்தது. அதைக் கேட்டவர் சக உறுப்பினர் பிய்யோ-வரேன்.

ஏட்டைப் படிக்கும் முறை

அவையில் பேசியவற்றுக்கு எல்லோரும் போகும் இடம் மோனித்தர் செய்தித்தாள். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கல்லிக்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, தாளின் தேதி அமர்வின் தேதி அல்ல; செய்தி ஒரு நாளோ சில நாளோ தாமதமாக வரும். இரண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுஅச்சு போட்டார்கள். அதன் பக்க எண் மூலத்தோடு ஒத்துவராது, எதைப் பார்த்தீர்கள் என்று குறித்துவையுங்கள். மூன்று, அந்தக் கால அச்சில் சொல்லுக்கு நடுவே வரும் நீள 'எஸ்' எழுத்தைக் கணினி 'எஃப்' என்று படித்துவிடும். தேடியது கிடைக்கவில்லையென்றால் எழுத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது: அந்தத் தாள் எப்போதும் ஆட்சியில் இருப்பவர் பக்கம் சாயும். 1794 ஜூலைக்கு முன் ஒரு கொலோ, பின் ஒரு கொலோ அதில் கிடைப்பார்.

மக்கள் காப்புக் குழுவின் ஆணைகளைப் படிக்கும்போது கையெழுத்து வரிசையைப் பாருங்கள். பொதுவாக முதல் கையெழுத்துக்காரரே ஆணையை எழுதியவர். மற்றவை பெரும்பாலும் உடன் கையெழுத்து. 1795ல் குழு உறுப்பினர் கார்னோ தன்னைத் தற்காத்துக்கொள்ள இதைத்தான் சொன்னார், வேலைப் பளுவில் படிக்காமலே போட்டோம் என்று. அந்த வாதத்தை முழுசாக நம்ப வேண்டியதில்லை, ஆனால் நான்காவதாக இருக்கும் பெயரை வைத்து 'கொலோ ஆணையிட்டார்' என்றும் எழுதக் கூடாது. அவரும் பிய்யோ-வரேனும் குழுவில் சேர்ந்தது 1793 செப்டம்பர் 6. குழுவுக்குத் தலைவர் கிடையாது. அப்போது பன்னிரண்டு பேர், அடுத்த ஏப்ரலில் ஒருவர் கில்லட்டினுக்குப் போனபின் பதினொரு பேர். மாகாணங்களுக்குப் போன பிரதிநிதிகளோடு நடந்த கடிதப் போக்குவரத்து கொலோ, பிய்யோ-வரேன் இருவர் கையில்.

இதே போல, 'கன்வென்ஷன் தலைவரானார்' என்பதையும் பெரிதாக்காதீர்கள். அந்த நாற்காலி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கைமாறும். கொலோ இரண்டு முறை உட்கார்ந்தார்: 1793 ஜூனில் ஒருமுறை, 1794 தெர்மிதோர் தொடக்கத்தில் ஒருமுறை.

லியோன்

பிரபலமான கதை இது: லியோன் மேடையில் கொலோவை ரசிகர்கள் சீட்டியடித்து விரட்டினார்கள், வருடங்கள் கழித்து அதிகாரத்தோடு வந்து நகரத்தையே பழிவாங்கினார். கச்சிதமான கதை. அதனாலேயே இருநூறு வருடமாக ஓடுகிறது. எழுதும் முன் காலவரிசையை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

1793 மே 29: லியோனில் ழக்கோபேன் நகராட்சிக்கு எதிராக எழுச்சி. ஜூலை நடுவில்: அவ்வூர் ழக்கோபேன் தலைவர் ஷாலியே கில்லட்டினில் கொல்லப்படுகிறார். ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் 9 வரை முற்றுகை, நகரம் சரணடைகிறது. அக்டோபர் 12: நகரத்தை இடிக்கவும் அதன் பெயரை நீக்கி 'விடுவிக்கப்பட்ட ஊர்' என்று மாற்றவும் கன்வென்ஷன் தீர்மானம், அவையில் அதை முன்வைத்தவர் மக்கள் காப்புக் குழுவின் பரேர். அங்கே முதலில் பொறுப்பில் இருந்த, அதே குழுவின் குத்தோன் வேகம் காட்டவில்லை. அக்டோபர் 30: கொலோ நியமனம். நவம்பர் 4: வந்து சேர்கிறார். சில நாளில் சக பிரதிநிதி ஃபூஷே வருகிறார். நவம்பர் 27: புரட்சி ஆணையம் என்ற தீர்ப்பு மன்றம் அமைகிறது. டிசம்பர் 4: ப்ரொத்தோ சமவெளியில் 60 பேர் பீரங்கிச் சிதறுகுண்டால் சுடப்படுகிறார்கள், உடனே சாகாதவர்களை வாளால் முடிக்கிறார்கள். டிசம்பர் 5: 200க்கு மேற்பட்டோர். இந்த இரண்டாம் நாள் எண்ணிக்கை நூலுக்கு நூல் ஒன்றிரண்டு மாறும். '200க்கு மேல்' என்பது பாதுகாப்பு. டிசம்பர் 21: கொலோ பாரிசில், தன் நடவடிக்கைக்கு அவையில் விளக்கம் கொடுக்கிறார்.

இப்போது பழிவாங்கல் கதையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். தண்டனைத் தீர்மானம் அவர் நியமனத்துக்குப் பதினெட்டு நாள் முந்தையது. லியோனில் அவர் தோற்ற நடிகரும் அல்ல. தோற்றவரை இயக்குநராக யாரும் திரும்பக் கூப்பிடமாட்டார்கள். அந்தக் கால அரங்கில் தரைப்பகுதியில் நின்று பார்த்த கூட்டம் சீட்டியடிப்பதும் கத்துவதும் அன்றாடம். இருபது வருடம் மேடையில் இருந்தவருக்கு அது புதிதல்ல. இதை எழுதுவதால் அவரை மன்னிப்பதாக ஆகாது. ஃப்ரிமேர் படுகொலைகளுக்கு அவர் நேரடிப் பொறுப்பு. பின்னாலும் அதற்காக வருந்தியதில்லை, அரசியல் தேவை என்றே வாதாடினார். பழைய மனக்கசப்பில் செய்தார் என்பதைவிட, சரி என்று நம்பிச் செய்தார் என்பதுதான் அதிகம் கலங்கவைக்கிறது. கட்டுரையில் அதைத் தவறவிடாதீர்கள்.

எண்ணிக்கையை எழுதும் முறை: புரட்சி ஆணையம் கொடுத்த மரண தண்டனை சுமார் 1,680, கிட்டத்தட்ட அதே அளவு பேரை விடுவித்தது. அதற்கு முந்தைய மன்றங்களின் தீர்ப்பையும் சேர்த்தால் லியோனில் கொல்லப்பட்டோர் சுமார் 1,900. இரண்டு எண்ணையும் கலக்காதீர்கள். 'கொலோ 1,900 பேரைக் கொன்றார்' என்பதும் தவறு: தண்டனைகள் அவர் வருவதற்கு முன்பே தொடங்கின, அவர் போனபின் 1794 ஏப்ரல்வரை நீடித்தன. அவர் அங்கே இருந்தது ஆறேழு வாரம். நீண்ட காலம் தங்கியவர் ஃபூஷே. கடிதங்களில் இருவர் கையெழுத்தும் இருக்கிறது. அந்த ஃபூஷே பிறகு நெப்போலியனின் போலீஸ் அமைச்சராகி, ஒத்ராந்து பிரபு பட்டமும் வாங்கினார். செத்துப்போன கூட்டாளிமேல் பாரத்தை இறக்கிவைப்பது அவருக்கு வசதி. சாட்சியத்தை எடைபோடும்போது இதையும் தட்டில் வையுங்கள்.

துப்பாக்கி, மணி, நாற்காலி

1794 மே 22–23 இரவு, கொலோ குடியிருந்த ஃபவார் தெரு வீட்டில், அதே வீட்டில் குடியிருந்த அத்மிரா என்பவர் அவரைக் கைத்துப்பாக்கியால் சுட்டார். குறி தப்பியது, உதவிக்கு ஓடிவந்த ழெஃப்ருவா என்ற பூட்டுத் தொழிலாளிக்குக் காயம். அத்மிரா முதலில் தேடி அலைந்தது ரொபெஸ்பியரை. நள்ளிரவு தாண்டி நடந்ததால் ப்ரேரியால் 3 என்றும் 4 என்றும் இரண்டு விதமாகக் கிடைக்கும். 'இரவு' என்று எழுதினால் சண்டையில்லை. ஜூன் 17ல் அத்மிராவோடு சேர்த்து 54 பேர் சிவப்புச் சட்டை போட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோருக்கும் இந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

தெர்மிதோர் 8 இரவு ழக்கோபேன் சங்கத்தில் கொலோவையும் பிய்யோவையும் கூச்சலிட்டு வெளியே தள்ளினார்கள். மறுநாள் அவையில் தலைவர் கொலோ; கையில் அவையை அடக்கும் மணி. ரொபெஸ்பியரின் கூட்டாளி சேன்-ழுஸ்த் பேசத் தொடங்கியதும் எதிரணி உறுப்பினர் தல்யான் குறுக்கிட்டார். ரொபெஸ்பியர் பேசக் கேட்டும் கிடைக்கவில்லை. பிறகு நாற்காலி இன்னொரு உறுப்பினரான தூரியோ கைக்குப் போனது. 'நாடகத்தின் கடைசிக் காட்சி', 'திரை விழுந்தது' போன்ற வரிகள் இங்கே பேனா நுனியில் வந்து நிற்கும். எழுதாதீர்கள். 'கூத்தாடி' என்பது எதிரிகள் அவர்மேல் எறிந்த வசை; உவமையாக நீங்கள் எடுத்தாலும் அதே வசைதான் தொடரும். பயிற்சி பெற்ற குரல், கூட்டத்தை அடக்கும் பழக்கம் என்று திறமையை நேராகச் சொல்லலாம்.

அதன்பின் சரிவு வேகமானது. ஆகஸ்ட் 29ல் அவை உறுப்பினர் லெக்குவாந்த்ர் சுமத்திய குற்றச்சாட்டு. செப்டம்பர் 1ல் குழுவிலிருந்து விலகல். 1795 மார்ச் 2ல் கைது ஆணை. ஏப்ரல் 1ல் பாரிஸ் மக்கள் ரொட்டி கேட்டு அவைக்குள் புகுந்த அன்று, விசாரணையை முடிக்காமலே நாடுகடத்தும் தீர்மானம். பரேர் வழியில் தப்பினார். கொலோவும் பிய்யோவும் கயானாவுக்குப் போனார்கள்.

கயேன்

மரணத்தை இரண்டு வரியில் முடியுங்கள்: 1796 ஜூன் 8, கயேன், காய்ச்சல். வயது 46, 47 நிறைய 11 நாள் பாக்கி. '47 வயதில்' என்று எழுதும் பிழை அடிக்கடி வரும்.

காய்ச்சலில் சாராயக் குப்பியைக் கவிழ்த்தார், பாவமன்னிப்புக்குக் கதறினார், அரைகுறையாகப் புதைத்த உடலைப் பன்றிகள் தோண்டின என்று விரிவான வர்ணனைகள் கிடைக்கும். அவற்றைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் மன்னர் பக்கத்துப் பாடகர். அவரே நாடுகடத்தப்பட்டுக் கயானாவில் இறங்கியது 1798ல், கொலோ செத்து இரண்டு வருடம் கழித்து. சேர்க்க விரும்பினால் 'பின்னாளில் இப்படிச் சொன்னார்கள்' என்ற அடையாளத்தோடு சேருங்கள். 'அடிமைகள் புதைத்தார்கள்' என்று எங்காவது கண்டால் அப்படியே எடுக்காதீர்கள்: கன்வென்ஷன் 1794 பிப்ரவரி 4ல் அடிமை முறையை ஒழித்தது, அந்த ஜூனில் கயானாவிலும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. நெப்போலியன் திரும்பக் கொண்டுவரும்வரை சட்டப்படி அங்கே அடிமைகள் இல்லை. கூடவே போன பிய்யோ-வரேன் பொது மன்னிப்பை ஏற்க மறுத்துப் பல ஆண்டு அங்கேயே வாழ்ந்து, 1819ல் ஹெயிட்டியில் இறந்தார். இருவரும் ஒரே காய்ச்சலில் போனதாக எழுதியிருந்தால் அந்த வரியை வெட்டிவிடுங்கள்.